மருந்துக் கறுப்புன்னு நெனச்ச ரத்தம்

ஐயா ராசா,

நீ ஹாஸ்டல்லே தங்கிப் படிச்சப்போ எழுதினது. அதுக்குப் பெறகு இப்பத்தான் உனக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்திருக்கேன். போன் இருக்கும்போது எதுக்கும்மா இதுன்னு கேப்பே. போன்லே நீ என்னைப் பேச விட்டாத்தானே? "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா"ன்னு நீயே கேட்டு நீயே முடிச்சுக்கிடுதே. அந்த ரத்த டெஸ்ட்டைப் பத்தி நான் வாயெடுத்த உடனே "ஆபீஸ்லே இருந்து கால் வருதும்மா"ன்னு வெச்சிருதே. நான் பேசுற நேரமாப் பார்த்து ஓசூர்லே இருக்குற கம்பெனி அம்புட்டும் உனக்கே போன் போடுதாக்கும். அதனாலே எழுதுறேன். அம்மாவுக்கு இருக்குற மஞ்சக்காமாலைக் கிருமி உனக்கும் இருக்கா இல்லையான்னு பார்க்குற டெஸ்ட்டு அது. ஒரு ஊசி ரத்தம் எடுத்தா முடிஞ்சுபோற காரியம். இத்தனை மாசமா இழுத்தடிக்கிறே. அதுக்காகத்தான் இந்தக் கடுதாசி. கோவத்துலே ஆரம்பிச்சாலும் சந்தோசத்துலேதான் எழுதுறேன், முழுசாப் படி.

முதல்லே நல்ல சேதி. போன வாரம் மதுரையிலே மறுபடி குழாய் விட்டுப் பார்த்தாக. டாக்டர் டிவிப் பெட்டியைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. எனக்கு வாயிலே குழாய், ஒண்ணும் கேக்க முடியாது. அவரு முகத்தை மட்டும் பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். கட்டுப் போடுற சாமானை எடுத்து மாட்டப்போறாருன்னு நெனச்சேன், மாட்டலை. குழாயை உருவி எடுத்துட்டு, "அம்மா, ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கிருச்சு, கட்டுறதுக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்லை"ன்னாரு. இனி சில மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டினாப் போதுமாம். தொண்டை மரத்துப்போய் எனக்குப் பேச்சு வரலை. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்து உங்கப்பாகிட்டே சொன்னேன். அவுக பஸ் ஸ்டாண்டுலே எனக்கு இளநீ வாங்கிக் குடுத்துட்டு, திரும்பி நின்னு துண்டாலே முகத்தைத் தொடைச்சாக. "என்னங்க, அழுறீகளா"ன்னு கேட்டேன். "வேர்க்குது"ன்னாக. வேன் ஓட்டி ஓட்டி வெயில்லேயே காய்ஞ்ச மனுசன், அன்னைக்குத்தான் வேர்த்துச்சாம்.

இந்த அளவுக்கு வந்ததுக்கு நான் எம்புட்டு முட்டாத்தனம் பண்ணினேன்னு உனக்கு முழுசாத் தெரியாது. நீ ஓசூர்லே இருந்து வந்து சேர்றதுக்குள்ளே எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு. உங்கப்பா சொன்னதைத்தான் கேட்டிருப்பே, அவுக சொல்றது எப்பவும் பாதிதான். நானே சொல்றேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிக் கம்பெனியிலே நான் என்ன வேலை பார்த்தேன்னு உனக்குத் தெரியும். கருந்திரி வெட்டுறது, சீசன்லே சரம் பின்னுறது. கருந்திரின்னா கரி வெடிமருந்துலே முக்கின திரி. அதைத் தொட்டுட்டாக் கை கறுப்பு, நகக்கண்ணு கறுப்பு. மூக்கைச் சிந்தினாலும் காறித் துப்பினாலும் கறுப்பு. சாயங்காலம் தொட்டியிலே தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தான் வேன் ஏறுவோம். குளிச்சாலும் உள்ளே போனது போகாதுல்ல, அதுக்காக ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் துண்டுக் கருப்பட்டியும் தின்போம். வயித்துக்குள்ளே போன மருந்தைப் பழம் கீழே இறக்கிப்பிடும்னு எங்களுக்குள்ளே ஒரு பேச்சு. யார் ஆரம்பிச்சாகளோ தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே என் கையிலேயும் ஒரு பழத்தைக் குடுத்தாளுக.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் எனக்கு வெளிக்கி கறுப்பாப் போச்சு. சாதாரணக் கறுப்பு இல்லை. ரோட்டுக்கு ஊத்துற தாரு மாதிரி, பசபசன்னு, தாங்க முடியாத நாத்தம். இதையெல்லாமா மகனுக்கு எழுதுவாகன்னு நெனைக்காதே. இதை வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டேயும் சொல்லாம இருந்ததுதான் என்னைக் கொல்லப் பார்த்துச்சு. ஒருத்திகிட்டே மட்டும் சொன்னேன், என்கூட உட்கார்ந்து திரி வெட்டுற பேச்சியக்காகிட்டே. அது சிரிச்சுக்கிட்டே, "மேலே துப்பினாக் கறுப்பா வருது, கீழே மட்டும் வெள்ளையாவா வரும்? மருந்து இறங்குது பிள்ளே, நல்லதுதான், இன்னொரு பழம் சேர்த்துத் தின்னு"ன்னுச்சு. நானும் தின்னேன். மருந்து இறங்குது, உடம்பு சுத்தமாகுதுன்னு சந்தோசப்பட்டேன்யா. எழுந்திரிச்சாத் தலை சுத்தும், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். வயசாகுதுன்னு விட்டுட்டேன். உடம்பு வலிக்குதுன்னு பெட்டிக்கடையிலே வலி மாத்திரை வேற வாங்கி வாங்கி முழுங்கினேன். அதுவும் ரத்தக் கசிவுக்கு ஆகவே ஆகாதாம், பின்னாலே டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

தீபாவளியோட கம்பெனியைப் பூட்டிட்டாக. எல்லாரும் வீட்டுலே இருந்தோம். மல்லாங்கிணறுலே உங்க அத்தை வீட்டுக் காதுகுத்துக்கு நானும் உங்கப்பாவும் போனோம். நீ லீவு கெடைக்கலைன்னு வரலை. பந்தியிலே சாப்பிட்டு எழுந்து, வெத்தலை போட்டுக்கிட்டு வேப்பமரத்தடியிலே நின்னேன். வயிறு கொமட்டுச்சு. குனிஞ்சு வாந்தி எடுத்தேன், செக்கச்செவேல்னு வந்துச்சு. உங்க அத்தை பார்த்துட்டு, "என்ன மதினி, விசேச வீட்டுலே இப்படியா வெத்தலையைத் துப்புவீக, அங்கிட்டுத் தள்ளிப் போய்த் துப்பக் கூடாதா"ன்னு கோவிச்சாக. நானும் வெத்தலைச் சாறுதான்னு நெனச்சேன். அடுத்து வந்தது கட்டி கட்டியா வந்துச்சு. அப்பத்தான் உங்கத்தை கத்தினாக. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. உங்கப்பா என்னைத் தூக்கினது தெரியும், அவுக வேட்டி முழுக்க ரத்தமா இருந்தது தெரியும். வேற ஒண்ணும் தெரியலை.

ஆம்புலன்சுலே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. கண்ணு முழிச்சா ஒரு கையிலே ரத்தம் ஏறுது, இன்னொரு கையிலே ஊசி மருந்து ஏறுது. என் மருமக முத்துலட்சுமி வயசுதான் இருக்கும், ஒரு டாக்டரம்மா வந்து பக்கத்துலே உட்கார்ந்தாக. "இதுக்கு முன்னாடி மலம் கறுப்பாப் போச்சாம்மா"ன்னு கேட்டாக. "எங்களுக்கு அது சகஜம் டாக்டரம்மா, வெடிக் கம்பெனியிலே கருந்திரி வெட்டுறேன், மருந்து உள்ளே போயிருது"ன்னேன். அவுக சிரிக்கலை. "கடைசியா எப்போ வேலைக்குப் போனீங்க"ன்னாக. "தீபாவளிக்கு முன்னாடி. கம்பெனி பூட்டிக் கெடக்கு." "கறுப்பாப் போறது நின்னுச்சா?" "இல்லை, நேத்துக் கூடப் போச்சு." அவுக என் கையைப் புரட்டிப் பார்த்தாக. நகக்கண்ணுலே கூடப் பொட்டுக் கறுப்பு இல்லை. "அப்போ எந்த மருந்தும்மா இறங்குது"ன்னு மெதுவாக் கேட்டாக. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அம்புட்டு நாளா என் ரத்தம் எனக்குள்ளேயே கசிஞ்சு, வயித்துலே செரிச்சு, கறுப்பாப் போயிருக்கு. நான் அதுக்குப் பழம் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.

அங்கன இருந்து மதுரைக்கு அனுப்பினாக. அங்கே நடந்த கூத்தைக் கேளு. குழாய் விட்டுப் பார்க்குற ரூம்புக்கு என்னைச் சக்கர நாற்காலியிலே தள்ளிக்கிட்டுப் போறாக, உங்கப்பா கூட வாராக. வாசல்லே நின்ன ஆளு உங்கப்பாவைப் பார்த்து, "சட்டையைக் கழட்டிட்டு இடது பக்கமாப் படுங்க, பல்செட்டு இருந்தா எடுத்திருங்க"ன்னுட்டான். அவனைச் சொல்லிக் குத்தமில்லை. அன்னைக்கு அந்த ரூம்பு வாசல்லே ஈரல் கெட்டுக் காத்திருந்தவுக எல்லாரும் ஆம்பளைகதான், பாதிப் பேரு குடிச்சுக் கெடுத்தவுக. உங்கப்பா பீடி கூடக் குடிக்காத மனுசன், முழிச்ச முழியைப் பார்க்கணுமே. "நான் இல்லைய்யா, இவதான்"னு என்னைக் காட்டினாக. அந்த ஆளு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான். நான் அந்த நெலையிலேயும், "நானும் குடிக்க மாட்டேன், காப்பி மட்டும்தான்"ன்னேன். சிரிச்சுட்டான். குடிக்காதவளுக்கு ஈரல் எப்படிக் கெடும்னு நம்ம சனத்துலே எத்தனை பேரு என்னைக் கேட்டுட்டாக தெரியுமா. சில பேரு கேக்காமலே பார்த்தாக.

தொண்டையிலே மருந்து அடிச்சாக, மரத்துப்போச்சு. பிளாஸ்டிக் வளையம் ஒண்ணைக் கடிக்கக் குடுத்து அதுக்குள்ளே குழாயை விட்டாக. கொமட்டும், கண்ணுலே தண்ணி ஊத்தும், அம்புட்டுத்தான், செத்துப்போற வேதனை ஒண்ணும் இல்லை. டாக்டரு பெறகு எனக்குப் புரியுற மாதிரிச் சொன்னாரு. கொடல்லே இருந்து வாற ரத்தம் ஈரலுக்குள்ளே பூந்துதான் மேலே போகணுமாம். ஈரல் இறுகிப் போனதாலே உள்ளே போக முடியாம திரும்பி, சாப்பாட்டுக் குழாயிலே இருக்குற சின்ன நரம்புலே ஏறியிருக்கு. கம்மாயிலே மடை அடைச்சுக்கிட்டா தண்ணி கண்ட பக்கம் ஏறிக் கரையை ஒடைக்கும்ல, அப்படி ஒரு எடத்துலே ஒடைச்சிருக்கு. குழாய் நுனியாலே அந்த வீங்கின நரம்பை உறிஞ்சு இழுத்து, கம்மல் திருகாணி அளவு ரப்பர் வளையத்தை மாட்டி இறுக்கிட்டாரு. ரத்தம் போகாம அது காய்ஞ்சு, சில நாள்லே தானா உதிர்ந்து, புண்ணு ஆறிருமாம். எனக்குக் கேட்ட உடனே வெளங்கிருச்சு. சரம் பின்னும்போது முடிச்சு லூசா இருந்தா வெடி நழுவிரும், அதுக்காக எம்புட்டுத் திட்டு வாங்கியிருக்கேன். "நல்லா இறுக்கிப் போட்டீகளா"ன்னு டாக்டரையே கேட்டேன். "உங்க அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லைம்மா, ஆனா இறுக்கித்தான் போட்டிருக்கேன்"ன்னு சிரிச்சாரு.

பெறகு கொஞ்ச நாள் நெஞ்சுக்குள்ளே வலிச்சுச்சு. ஆறின கஞ்சி, மோரு, குழைஞ்ச சாதம், இதுதான் ஆகாரம். முறுக்கு, சீவல், சூடாக் காப்பி எதுவும் ஆகாது. நாடித் துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, கிருமியை அடக்க ஒரு மாத்திரை குடுத்தாக, இப்பவும் போடுறேன். சில வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் மறுபடி குழாய், மறுபடி கட்டு. போகும்போதெல்லாம் உங்கப்பா வேனுக்கு வேற டிரைவரைப் போட்டுட்டு என்கூட வந்தாக. விருதுநகர்லே பஸ் நிக்கும்போது எண்ணெய்ப் பரோட்டா வாசம் வரும், அவுகளுக்கு உசுரு. "நீங்க போய்ச் சாப்பிடுங்க"ன்னா, "எனக்குப் பிடிக்கலை"ன்னு சன்னல் பக்கம் திரும்பிக்கிடுவாக. போன வாரம் திரும்பி வாறப்போ அவுகளே எறங்கிப் போய்ச் சாப்பிட்டுட்டு, வாயைத் தொடைச்சுக்கிட்டே வந்து ஏறினாக. எனக்கு அதைப் பார்த்தப்போதான் நான் பொழைச்சுட்டேன்னு முழுசா நம்பிக்கை வந்துச்சு.

கம்பெனிப் பிள்ளைகளையும் நான் விடலை. வேன் நிக்குற எடத்துக்குப் போய் எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லிட்டேன். "ஏளா, கறுப்பாப் போச்சுன்னா வாழைப்பழம் தின்னுக்கிட்டு உட்கார்ந்திராதீக, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க"ன்னு. பேச்சியக்கா பயந்துபோய் மறுநாளே ஓடிருச்சு. பார்த்தா, ரத்தசோகைக்கு நர்சு குடுத்த இரும்பு மாத்திரையாலே கறுப்பாப் போயிருக்கு, வேற ஒண்ணும் இல்லை. "உன்னாலே ஒரு நாள் கூலி போச்சு"ன்னு என்னைத் திட்டுது. திட்டட்டும். பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு வந்து திட்டுறவகிட்டே நான் எம்புட்டு வேணும்னாலும் திட்டு வாங்கிக்கிடுவேன்.

இப்போ உன் விசயத்துக்கு வாரேன். நீ மதுரைக்கு வந்து சேர்ந்த அன்னைக்கு, எனக்கு இன்னும் ரத்தம் வேணும்னாக. நீதான் முதல் ஆளாச் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நின்னே. அப்பத்தான் எனக்குப் பார்த்த டெஸ்ட்டு வந்துச்சு. ஹெப்படைட்டிஸ் பி, காமாலைக் கிருமி, வருசக்கணக்கா உள்ளேயே இருந்து ஈரலை அரிச்சிருக்கு. டாக்டரு உன்கிட்டே, "இது அம்மாகிட்டே இருந்து பிரசவத்துலே பிள்ளைக்கு வரலாம், நீங்க முதல்லே டெஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னாரு. மடிச்ச கையை நீ கீழே எறக்கிவிட்டதை நான் படுக்கையிலே இருந்து பார்த்தேன். அன்னையிலே இருந்து இன்னைக்கு நாளைக்குன்னு ஓட்டுறே. உங்கப்பா அந்த வாரமே பார்த்துட்டாக, இல்லைன்னு வந்துச்சு, தடுப்பூசியும் போட்டுக்கிட்டாக. முத்துலட்சுமிக்கு மாசமா இருக்கான்னு பார்த்தப்பவே இதையும் சேர்த்துப் பார்த்து, கிருமி இல்லைன்னு சொல்லிட்டாக. பாக்கி நீ ஒருத்தன்தான்.

நீ ஊசிக்குப் பயப்படுறேன்னு நெனச்சேன். சோம்பேறித்தனம்னு நெனச்சேன், உன்னை வஞ்சிருக்கேன். முந்தாநாள் முத்துலட்சுமி போன் பண்ணுச்சு. ஏழாம் மாசத்துக்கு என்னென்ன வேணும்னு பேசிக்கிட்டே இருந்த பிள்ளை, திடீர்னு குரலைத் தாழ்த்தி, "அத்தை, அவுகளை வையாதீக. அவுகளுக்காக அவுக பயப்படலை. கிருமி இருக்குன்னு வந்துட்டா, 'நான்தானே என் பிள்ளைக்குக் குடுத்தேன்'னு அம்மா நொறுங்கிப் போயிருவா, இப்பத்தான் பொழைச்சு எந்திரிச்சிருக்கான்னு சொல்லி அழுறாக"ன்னுச்சு. நான் போனை வெச்சுட்டு அடுப்படியிலே உட்கார்ந்துட்டேன். உங்கப்பா வந்து என்னன்னு கேட்டாக, வேர்க்குதுன்னேன்.

ஏய்யா, நீ பயந்தது எல்லாம் எனக்கு நடந்து முடிஞ்சுபோச்சு. அந்த டாக்டரு சொன்ன அன்னைக்கே நான் அழுது தீர்த்துட்டேன். எங்கம்மா வயிறு ஊதிக் காமாலையிலே செத்துப்போனவ, அவகிட்டே இருந்து எனக்கு வந்திருக்கலாம். அவளை நான் என்னைக்காவது குத்தம் சொல்வேனா? அவளுக்குத் தெரியாது. உன்னைப் பெத்தப்போ எனக்கும் தெரியாது. நீ பெறந்த காலத்துலே நம்ம பக்கம் அந்தத் தடுப்பூசியும் கெடையாது. இருக்குன்னு வந்தா, தேவைப்பட்டா என்னை மாதிரி அந்தக் கிருமி மாத்திரையைத் தினம் போட்டுக்கிட்டு நீ பாட்டுக்கு இருக்கலாம், ஈரல் இறுகுறதுக்கு முன்னாடியே பிடிச்சிறலாம்னு டாக்டரு சொல்றாரு. முத்துலட்சுமிக்கு ஊசி போட்டுறலாம். பெறக்கப்போற பிள்ளைக்கு எப்படியும் பெறந்த அன்னைக்கே ஊசி உண்டாம். இல்லைன்னு வந்தா இன்னும் நல்லது, உனக்கும் தடுப்பூசியைப் போட்டுட்டு வந்துருவோம். ரெண்டுலே எது வந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது.

ஞாயித்துக்கிழமை நான் ஓசூருக்கு பஸ் ஏறுறேன். திங்கக்கிழமை காலையிலே நீயும் நானும் போறோம். வெறும் வயித்துலே வரணும்னு கூட இல்லையாம், கேட்டுட்டேன். இட்லி சாப்பிட்டுட்டே போகலாம். காயிதத்திலே என்ன வந்திருந்தாலும் என் முன்னாடியே பிரிச்சு, சத்தமாப் படி. மல்லாங்கிணறுலே அம்புட்டு ரத்தம் கக்கியும் நான் சாகலை, ஒரு காயிதத்தைக் கேட்டா செத்துப் போகப்போறேன்? அம்மா மனசு நோகக் கூடாதுன்னு நீ உன்னைப் பார்க்காம விட்டு, என்னைக்கோ ஒரு நாள் எனக்கு வந்த மாதிரி உனக்கும் வந்து, அதை இந்தக் கண்ணாலே பார்க்கும்படி ஆச்சுன்னா, அப்பத்தான்யா நான் நொறுங்கிப் போவேன்.

உன் அம்மா